சேறு மூடிய மூதாதை: டோசே ஆற்றின் மீட்பும் கரைச் சமூகங்களின் மறுவாழ்வும் – ஓர் ஆய்வு

வினாவும் அதன் முன்வரலாறும்

ஒரு சமூகம் தெய்வமாகவோ மூதாதையாகவோ போற்றிவந்த ஆறு தொழிற்கழிவாலும் சுரங்கச் சேற்றாலும் பாழானபின், அதை மீட்பது என்றால் எதை மீட்பது என்பதும், அதன் கரையில் சிதறுண்ட மக்களை மறுபடியும் ஊராக ஒன்றுசேர்க்கும் கடமை யாருடையது என்பதும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக விடை தேடப்பட்டுவரும் வினாக்கள். ஜப்பானில் தொழிற்கழிவின் பாதரசத்தால் உண்டான மினமாட்டா நோய் 1956இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. 1965இல் அதே பாதரச நஞ்சு நீகாட்டா மாநிலத்து அகானோ ஆற்றங்கரையிலும் வெளிப்பட்டது. அரசு அளித்த விடை மருத்துவச் சான்றளிப்பு: யார் நோயாளி, யார் இல்லை என்று ஒரு குழு தீர்மானிக்கும், சான்று பெற்றவருக்கு இழப்பீடு கிடைக்கும். அந்தப் பட்டியல் பலரை வெளியே நிறுத்தியதோடு, சான்று பெற்றவரையும் பெறாதவரையும் ஒரே தெருவில் பகைவர்களாக்கியது. 1994இல் மினமாட்டா மேயர் யோஷியி மசாசுமி பாதிக்கப்பட்டோரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, அறுந்த உறவுகளைப் பிணைக்கும் பணியை நகராட்சியின் கொள்கையாக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், 1972 பிப்ரவரி 26 அன்று பஃபலோ கிரீக் என்னும் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவை மறித்திருந்த அணை உடைந்து 125 பேர் மாண்டனர். அது கடவுளின் செயல் என்று சுரங்க நிறுவனத் தரப்பு கூறியது. சமூகவியலாளர் கை எரிக்சன் 1976இல் வெளியிட்ட நூலில், தனி மனிதர் அடையும் அதிர்ச்சி வேறு, மக்களை இணைத்திருந்த இழைகள் அறுவதால் உண்டாகும் கூட்டுக் காயம் வேறு என்று பிரித்துக் காட்டினார். வீடிழந்தோரைக் காலியாயிருந்த இடங்களிலெல்லாம் அரசு குடியமர்த்தியதால் பழைய அண்டை அயலார் மூலைக்கொருவராகப் பிரிந்தனர். நிவாரணமே அந்தக் காயத்தை ஆழப்படுத்தியது என்பது அவருடைய முடிவு. பேரிடருக்குப் பிந்தைய சமூக மீட்பைப் பற்றி எழுதுவோர் எவரும் இன்றுவரை இந்நூலைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை.

இந்தியாவில், பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டும் என்னும் கொள்கையைப் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டோடு நிறுத்தாமல், கெட்டுப்போன சூழலைச் சீராக்கும் செலவுக்கும் விரித்தது. சான்றளிப்பு, சமூகக் காயம், சூழலைச் சீராக்கும் செலவு என வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே வளர்ந்த இந்த விடைகள், நதிக்குச் சட்ட உரிமை என்னும் புதிய விடையோடு சேர்ந்து ஒரே பள்ளத்தாக்கில் மோதிக்கொண்ட இடம் பிரேசிலின் டோசே ஆறு. 2015இல் அங்கு நேர்ந்த பேரிடரைத் தொடர்ந்த பத்தாண்டு விவாதத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

1808 முதல் 2015 வரை

டோசே ஆறு மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்து மலைகளில் தோன்றி, எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் ரெஜென்சியா என்னும் மீனவச் சிற்றூர் அருகே அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. அதன் நடுப்பகுதியில், ரெஸ்ப்ளெண்டோர் நகரை ஒட்டிய கரையில் வாழும் கிரெனாக் பழங்குடியினர் இவ்வாற்றை உவாட்டு என்று அழைக்கின்றனர்; அது அவர்களுக்குப் பாட்டன். குழந்தைகளை முதன்முதலில் நீராட்டுவது, நோயுற்றவரைத் தேற்றுவது, இரவில் மீன்பிடிக்கும்போது இளையோருக்குப் பழங்கதைகளைச் சொல்வது ஆகிய யாவும் அந்த ஆற்றிலும் அதன் பாறைகளிலுமே நடந்தன. ஆகவே சடங்கு, உணவு, கல்வி, மருத்துவம் எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இழப்புக் கணக்கு எழுதுவது அவர்களைப் பொறுத்தவரை இயலாத செயல்.

இம்மக்களின் இழப்பு 2015இல் தொடங்கியதன்று. போர்ச்சுகலின் இளவரசராட்சியாளர் ஜோவாவ் 1808இல் பிறப்பித்த ஆணை, பொத்தொகூடோ என்று அன்று அழைக்கப்பட்ட இவர்களுடைய முன்னோர்மீது போர் தொடுப்பதை முறையானதாக்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றோரமாகவே இரும்புத்தாது ஏற்றிச்செல்லும் ரயில் பாதை வந்தது. இராணுவ ஆட்சிக் காலத்தில், 1969இல், அவர்களுடைய நிலத்திலேயே பழங்குடியினரை அடைத்து வைக்கும் ஒரு சீர்திருத்தச் சிறை நிறுவப்பட்டது. 1972இல் அவர்கள் தொலைவிலுள்ள வேறொரு பண்ணைக்கு வலிந்து பெயர்க்கப்பட்டு, 1980இல்தான் ஆற்றங்கரைக்குத் திரும்பினர். 2024 ஏப்ரலில் பிரேசில் அரசின் பொதுமன்னிப்பு ஆணையம் இக்கொடுமைகளுக்காகக் கிரெனாக் மக்களிடம் கூட்டாக மன்னிப்புக் கோரியது. பேரிடர் என்பது எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்ற கேள்வி பின்வரும் நிலைப்பாடுகள் அனைத்தையும் தொல்லைப்படுத்துவதற்கு இந்த நெடிய வரலாறே காரணம்.

2015 நவம்பர் 5 பிற்பகலில் மரியானா நகராட்சிக்கு உட்பட்ட ஃபுண்டாவ் கசடு அணை உடைந்தது. கசடு என்பது தாதுவைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் நுண்மணலும் களியும் நீரும் கலந்த கழிவு. அணை சமார்கோ நிறுவனத்தினுடையது. அந்நிறுவனம் வாலே, பிஎச்பி ஆகிய இரண்டு பெருநிறுவனங்களுக்குச் சரிபாதியாகச் சொந்தமானது. 2007 வரை வாலே தன் முழுப்பெயரில் இந்த ஆற்றின் பெயரையே தாங்கியிருந்தது. ஏறத்தாழ 4 கோடி கன மீட்டர் கசடு வெளியேறியது. 19 பேர் உயிரிழந்தனர். சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த பெந்தோ ரோட்ரிகெஸ் என்னும் ஊர் மூழ்கியது. அவ்வூரில் எச்சரிக்கைச் சங்கு எதுவும் ஒலிக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகச் சென்று கூவிய ஒரு பெண்ணின் குரலைக் கேட்டுப் பலர் மேட்டுக்கு ஓடித் தப்பினர். சேறு 600 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து இரண்டு வாரங்களுக்குச் சற்றுப் பின்னர்க் கடலை எட்டியது.

நார்பர்ட் மார்கன்ஸ்டர்ன் தலைமையிலான பொறியியல் வல்லுநர் குழு 2016 ஆகஸ்டில் அளித்த அறிக்கை காரணத்தை விளக்கியது. அணையை உயர்த்த வேண்டியபோதெல்லாம், முன்பு கொட்டப்பட்ட கசட்டின்மீதே அடுத்த கரையைப் பின்னோக்கி எழுப்பும் மலிவான முறை கையாளப்பட்டது. இம்முறையில் அடியிலுள்ள மணல் வடிந்து உலர்ந்திருப்பது இன்றியமையாதது. வடிகால் கோளாறுகளால் மணலில் நீர் தேங்கியது. இடப்புறத்தில் கரையின் போக்கு பின்னுக்கு மாற்றப்பட்டதால் அது களிமீது அமர்ந்தது. பாரம் ஏற ஏற, அதுவரை திடமாகத் தோன்றிய மணல் திடீரென நீர்போல் நெகிழ்ந்தோடியது. இதனைத் திரவமாதல் என்பர். சற்றுமுன் நிகழ்ந்த மூன்று சிறு நில அதிர்வுகள் இப்போக்கை விரைவுபடுத்தியிருக்கலாம் என்றும் குழு கருதியது. இவ்விளக்கத்திற்குப்பின், இயற்கையின் சீற்றம் என்னும் பழைய சாக்கை எவராலும் நெடுநாள் பற்றியிருக்க முடியவில்லை.

முந்தைய நிலை என்னும் அளவுகோல்

முதல் நிலைப்பாடு அறிவியலும் பொறியியலும் சார்ந்தது. ஆற்றின் நீர், வண்டல், மீன்வளம் ஆகியவை பேரிடருக்கு முந்தைய அளவுகளுக்குத் திரும்பினால் ஆறு மீண்டதாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். உடனடித் தேவைக்கு இந்த அணுகுமுறை பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. குடிநீருக்கு ஆற்றையே நம்பியிருந்த கவர்னடோர் வலடாரெஸ் நகரில், நீலகிரியில் சீகை என்று வழங்கும் வாட்டில் மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படும் பொருளைக் கலந்து சேற்றைப் படியவைத்த பிறகே குழாய்களில் மறுபடி நீர் வந்தது. நீண்டகால நோக்கில் 40,000 ஹெக்டேர் காடு, 5,000 ஊற்றுகள் ஆகியவற்றை மீட்கும் இலக்கு வகுக்கப்பட்டது. இதற்கு முன்னோடியாக, ஐமோரெஸ் அருகே புகைப்படக் கலைஞர் செபாஸ்தியாவ் சல்காடோவும் லெலியா வானிக் சல்காடோவும் 1998இல் தொடங்கிய டெர்ரா நிறுவனம், வறண்டு கிடந்த ஒரு மேய்ச்சல் பண்ணையைக் காடாக்கிக் காட்டியிருந்தது.

ஆயினும் முந்தைய நிலை எது என்பதில்தான் இந்நிலைப்பாடு தடுமாறுகிறது. பேரிடருக்கு முதல் நாளன்று டோசே தூய ஆறாக இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தங்க வேட்டை விட்டுச்சென்ற ஆர்செனிக்கும் பாதரசமும், காடழிப்பால் சரிந்த மண்ணும், நகரங்களின் சாக்கடையும், நீர்மின் அணைகளும் அதனை ஏற்கெனவே நலிவுறச் செய்திருந்தன. முதல் நாள் நிலையை இலக்காகக் கொண்டால், பொறுப்பாளிகள் மிகத் தாழ்ந்த அளவை எட்டியதும் கை கழுவிவிடலாம். அதைவிட உயர்ந்த இலக்கை வைத்தால், மற்றவர் செய்த கேட்டிற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று அவர்கள் வாதிடலாம். 2016ஆம் ஆண்டு உடன்படிக்கை நகராட்சிகளின் சாக்கடைச் சுத்திகரிப்புக்கும் திடக்கழிவு மேலாண்மைக்கும் 50 கோடி பிரேசில் ரியால் ஒதுக்கி, அதனை ஈடுசெய்யும் பணி என்று வகைப்படுத்தியது. நடைமுறையில் அறிவார்ந்த சமரசம்தான். ஆனால் அதனால் அடிப்படை வினா தீரவில்லை.

இரண்டாவது சிக்கல், நஞ்சு பற்றியது. கசடு பெரும்பாலும் இரும்பு ஆக்சைடும் சிலிக்காவுமே, ஆகவே தீங்கற்றது என்று நிறுவனத் தரப்பு தொடக்கம் முதல் கூறிவந்தது. கசட்டின் வேதி இயைபை மட்டும் நோக்கினால் இக்கூற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பேரலையாக வந்த சேறு ஆற்றடியில் நெடுங்காலமாக உறங்கிய உலோகங்களைக் கிளறிவிட்டதையும், ஒவ்வொரு மழைக்காலத்திலும் படிந்த வண்டல் மறுபடி கலங்குவதையும் ஆய்வாளர்கள் சுட்டினர். 2022 ஜனவரி வெள்ளத்தின்போது கரையோர வீடுகளுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் சேறு மீண்டும் புகுந்தது. கழிமுகத்தை ஒட்டிய கடற்பகுதியில் 2016 பிப்ரவரியில் நீதிமன்றம் மீன்பிடிக்கத் தடை விதித்தது. சுத்திகரித்தால் குடிக்கலாம் என்று ஆய்வறிக்கைகள் கூறும் நீரைக் கரையோர மக்கள் பலர் ஆண்டுக்கணக்கில் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குவது பொருந்தாது, ஏனெனில் அணை உறுதியானது என்று சொன்னவையும் ஆய்வறிக்கைகளே.

பணமும் பட்டியலும்

இரண்டாம் நிலைப்பாடு இழப்பீட்டை மையமாகக் கொண்டது. பத்தாண்டுகளின் பெரும்பகுதியை விழுங்கியதும் இதுவே. 2016 மார்ச்சில் ஒன்றிய அரசும் இரண்டு மாநில அரசுகளும் நிறுவனங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ரெனோவா அறக்கட்டளை உருவாக்கப்பட்டு 42 திட்டங்கள் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. சிவப்பு நாடாவில் சிக்காத தனியமைப்பு விரைந்து செயல்படும் என்பது ஆதரவாளர்களின் வாதம். எதிர்ப்பாளர்களோ, பணம் தரவேண்டிய நிறுவனங்கள் நிதியளித்து நடத்தும் அமைப்பே யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது வழக்கில் எதிர்த்தரப்பையே நீதிபதியாக்குவதற்கு ஒப்பாகும் என்றனர். உடன்படிக்கை பேசப்பட்டபோது பாதிக்கப்பட்டோர் அந்த மேசையில் இருக்கவில்லை. அவர்களுடைய பங்கேற்புக்கான ஏற்பாடுகள் 2018இல் செய்யப்பட்ட மற்றோர் உடன்படிக்கையில்தான் இடம்பெற்றன.

பதிவேடு என்ற எளிய ஆவணம் இங்கே பெரும் போராட்டக் களமாயிற்று. யார் மீனவர்? உரிமம் வைத்திருப்பவர் மட்டுமா, மாலையில் தூண்டில் போட்டுக் குழம்புக்கு மீன் கொண்டுவருபவருமா? ஆற்று மணல் அள்ளியவர், துணி வெளுத்தவர், கரையோர ஈரத்தில் காய்கறி விளைத்தவர் ஆகியோருக்கு ரசீது ஏது? குடும்பத்தில் ஆணின் பெயரே முதன்மையாகப் பதிவாகி, மீனை அறுத்து விற்றுவந்த பெண் சார்ந்து வாழ்பவராகக் குறிக்கப்பட்டதை அரசு வழக்குரைஞர்கள் குறையாக எடுத்துரைத்தனர். மரியானா மக்கள் ரெனோவாவின் படிவத்தை ஏற்காமல், கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸின் தொழில்நுட்ப உதவியோடு தங்கள் இழப்பைத் தாங்களே பதிவுசெய்தனர். அந்தப் படிவம் வீட்டின் பரப்போடு நில்லாமல் முற்றத்து மரங்கள், கோழிகள், திருவிழாக்கள் ஆகியவற்றையும் இழப்பாகக் கருத முயன்றது. இழப்பை யார் வரையறுக்கிறார் என்பதைப் பொறுத்து இழப்பின் உருவமே மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2020இல் பெலோ ஹொரிசோந்தே ஒன்றிய நீதிமன்றம், சான்று குறைவாயிருந்தாலும் தொழில்வாரியாக ஒரு குறிப்பிட்ட தொகையை வழங்கும் எளிய முறைக்கு வழி திறந்தது. அதுவரை வெறுங்கையாயிருந்த ஆயிரக்கணக்கானோருக்கு முதன்முறையாகப் பணம் வந்தது. அதற்கு விலையாக, இனி உரிமை கோருவதில்லை என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. இதனை மனித நேயம் என்பாரும் உண்டு, மலிவு விலைக்கு வழக்கை வாங்கிவிடும் உத்தி என்பாரும் உண்டு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க இடமுண்டு.

நாட்டிற்குள் நீதி தாமதமாகிறது என்று கருதியோர் 2018இல் லண்டன் நீதிமன்றத்தை நாடினர். 2020இல் தள்ளுபடியான அவ்வழக்கு 2022இல் மேல்முறையீட்டில் உயிர்பெற்று, 6 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் வழக்காக வளர்ந்தது. லண்டன் விசாரணை தொடங்கிய அதே 2024 அக்டோபரில் பிரேசிலில் 17,000 கோடி ரியால் மதிப்பிலான புதிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதில் 10,000 கோடி 20 ஆண்டுகளில் செலுத்தப்படும் புதுப்பணம், மற்றவை ஏற்கெனவே செலவானதும் நிறுவனங்கள் நேரில் நிறைவேற்ற வேண்டியதும். ரெனோவாவைக் கலைக்கவும் முடிவாயிற்று. தனிநபர் ஏற்கக்கூடிய 35,000 ரியால் தொகை மறுபடியும் வழக்குரிமையைத் துறப்பதோடு பிணைக்கப்பட்டது. 2025 நவம்பர் 14 அன்று லண்டன் உயர் நீதிமன்றம், பிரேசில் சட்டப்படி பிஎச்பி பேரிடருக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் மேல்முறையீட்டை நாடப்போவதாக அறிவித்தது. முந்திய ஆண்டு இதே நவம்பர் 14 அன்றுதான் பிரேசிலின் ஒன்றிய நீதிபதி ஒருவர் குற்றவியல் வழக்கில் மூன்று நிறுவனங்களையும் விடுவித்திருந்தார். குற்றவியல் பொறுப்பும் இழப்பீட்டுப் பொறுப்பும் சட்டத்தில் வெவ்வேறு என்பதைக் கற்றோர் அறிவர். 19 பேரை இழந்த பள்ளத்தாக்குக்கு அந்த வேறுபாட்டை விளங்கவைப்பது எளிதன்று.

நதியே வழக்காடுமா?

மூன்றாம் நிலைப்பாடு, ஆற்றையே உரிமையுடைய ஆளாகச் சட்டம் ஏற்கவேண்டும் என்பது. நியூசிலாந்து 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாங்கனுயி ஆற்றை அவ்வாறு ஏற்று, அதன் முகமாகப் பேச இருவரை நியமிக்க வழிசெய்தது. கொலம்பியாவின் அரசமைப்பு நீதிமன்றம் சுரங்கப் பாதரசத்தால் கெட்ட அத்ராட்டோ ஆற்றுக்கு 2016இல் உரிமைகளை அறிவித்தது. உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2017 மார்ச்சில் கங்கையையும் யமுனையையும் சட்ட ஆளாக அறிவித்தபோது, வெள்ளம் வந்தால் நதியின்மீது வழக்குத் தொடுத்து யாரிடம் இழப்பீடு பெறுவது என்ற வகையான சிக்கல்களை மாநில அரசு எழுப்ப, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. டோசே ஆற்றின் பெயராலும் 2017இல் ஒரு சங்கம் வழக்குத் தொடுத்தது. ஆற்றுக்குச் சட்ட ஆளுமை இல்லை என்ற அடிப்படையில் அது தள்ளுபடியாயிற்று. வியப்பூட்டும் வகையில், கழிமுகத்தைக் கொண்ட லின்யாரெஸ் நகராட்சி 2024இல் அங்குள்ள கடலலைகளுக்கு உரிமை வழங்கியது. சேறு படிந்து அலைகளின் இயல்பு மாறியதே அதற்குத் தூண்டுதல்.

இந்நிலைப்பாட்டின் வலிமை, நதியின் நலனை மனிதரின் சொத்திழப்பிலிருந்து பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது. அதன் நலிவு நடைமுறையில் தெரிகிறது: வாங்கனுயியின் தலைநீரில் ஒரு பகுதி மின்திட்டத்திற்குத் திருப்பப்படுவது சட்டம் வந்தபின்னும் நிற்கவில்லை, அத்ராட்டோவில் தங்கச் சுரங்கம் ஓயவில்லை. வாங்கனுயிச் சட்டம் நூற்றாண்டுக்கும் மேலாக நீண்ட மாவோரி நிலவுரிமைப் போராட்டத்தின் விளைவு என்பதை மறந்து, அந்த வாசகத்தை மட்டும் பிற நாடுகளில் நட்டுவைத்தால் அது வேர்பிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஊரை மறுபடி கட்டுதல்

சமூக மீட்பைப் பொறுத்தவரை பெந்தோ ரோட்ரிகெஸ் உற்றுநோக்கத்தக்கது. எரிக்சனின் எச்சரிக்கையை ஓரளவு உள்வாங்கியதுபோல், மக்கள் சிதறாமல் ஒரே இடத்தில் குடியேறவும், பழைய அண்டை வீட்டார் புதிய ஊரிலும் அண்டை வீட்டாராகவே இருக்கவும் திட்டமிடப்பட்டது. இடத்தை 2016 மேயில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தனர். ஆனால் 2019இல் முடிந்திருக்க வேண்டிய ஊரில் முதல் குடும்பங்கள் 2023இல்தான் குடிபுகுந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் மரியானா நகரின் வாடகை வீடுகளில் வாழ்ந்தனர். முதியோர் சிலர் புதிய வீட்டைக் காணாமலே மறைந்தனர். பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளாக வளர்ந்துவிட்டனர். புதிய வீடுகள் பெரியவை, தெருக்கள் சீரானவை. எனினும் ஊற்று நீரில் வாழ்ந்தவர்கள் இனி நீர்க் கட்டணமும் வரியும் கட்டவேண்டுமே என்ற கவலையும், மாடு கோழி வளர்க்கப் பழைய முற்றம் இல்லையே என்ற ஏக்கமும் அவ்வூர்க் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்தன.

இதற்கிடையே, திட்டத்தில் எழுதப்படாத மீட்பு ஒன்றும் நடந்தது. பழைய ஊரின் இடிபாடுகளுக்குச் சிலர் வார இறுதிகளில் சென்று தங்கிச் சமைத்து உண்டனர். மேட்டிலிருந்ததால் தப்பிய மெர்செஸ் மாதா சிற்றாலயத்தில் திருநாள்களைத் தொடர்ந்தனர். 2016 முதல் பாதிக்கப்பட்டோரே எழுதி மரியானாவில் வெளியிட்டுவரும் மாத இதழுக்கு, அன்று ஒலிக்காத அபாயச் சங்கின் பெயரையே வைத்தனர். அறக்கட்டளையின் முன்னேற்ற அறிக்கைகளில் இவற்றுக்கு இடமில்லை. செங்கல்லால் கட்டிய ஊரைவிட இந்த இதழும் திருநாளும்தான் அவ்வூரை ஊராக வைத்திருந்தன என்று ஒருவர் வாதிட்டால் மறுப்பது கடினம். அதற்காக வீடு கட்டுவதில் நேர்ந்த தாமதத்தை மன்னித்துவிட முடியாது.

உறவு என்னும் மறுமொழி

நான்காம் நிலைப்பாடு கிரெனாக் மக்களுடையது. அதனை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர், 2023இல் பிரேசில் இலக்கியக் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பழங்குடியினரான ஐல்டன் கிரெனாக். ஆற்றை வளம் என்று கருதும் பார்வையே பேரிடரின் தோற்றுவாய் என்றும், உவாட்டு ஓர் ஆள், அது சேற்றுக்கடியில் பாறைகளுக்குக் கீழே இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறது என்றும் அவர் எழுதியுள்ளார். பேரிடர் நேர்ந்த சில நாள்களிலேயே அவருடைய மக்கள் வாலேயின் ரயில் பாதையை மறித்து நீர் கேட்டனர். லாரிகளில் நீரும் மாதந்தோறும் உதவித்தொகையும் வந்தன. ஆற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதில் இறங்க முடியாத நிலையைப் பணத்தால் ஈடுகட்ட இயலாது என்பதே அவர்களுடைய வாதம். ஜப்பானில் மினமாட்டா மீனவர் ஒகாட்டா மசாட்டோ 1985இல் தம் சான்றளிப்பு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, கடலோடும் உயிர்களோடும் அறுந்த உறவைப் பற்றிய கேள்வியைப் பணமாக மாற்ற மறுத்ததை இதனோடு ஒப்பிடலாம்.

இந்நிலைப்பாடு மற்ற மூன்றும் காணத் தவறிய இழப்பைக் காட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கும் எல்லைகள் உண்டு. டோசே பள்ளத்தாக்கின் பெரும்பான்மையோர் பழங்குடியினர் அல்லர். சமார்கோ 2020 இறுதியில் மறுபடி இயங்கத் தொடங்கியதை மரியானாவில் வரவேற்றோர் பலர், ஏனெனில் அவர்களுடைய சோறு சுரங்கத்திலிருந்தே வருகிறது. இழப்பீட்டுக்கு அப்பாற்பட்ட இழப்பு என்ற வாதத்தை, கொடுக்கவே வேண்டாம் என்பதற்கான சாக்காகப் பொறுப்பாளிகள் பயன்படுத்தும் ஆபத்தும் இருக்கிறது. மேலும், நெருக்கடியில் இருக்கும் சிறு சமூகம் ஒன்றை உலகின் மனச்சான்றாக நிறுத்திப் போற்றுவது, அவர்களுக்கு வேண்டிய குடிநீர்க் குழாயையும் நில எல்லையையும் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும். அவர்கள் கேட்டதோ இரண்டையும். ஆற்றின் மறுகரையிலுள்ள செட்டே சலோயிஸ் என்னும் புனித மலைப்பகுதியைத் தங்கள் நிலத்தோடு சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை பேரிடருக்கு மிகவும் முற்பட்டது. 2021இல் ஒன்றிய நீதிமன்றம் ஒன்று அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

தீராதவை

நான்கு நிலைப்பாடுகளையும் சேர்த்து நோக்கும்போது, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விலக்கும் தேவை இருப்பதாகத் தோன்றவில்லை. வண்டலை அளக்காமல் உறவை மீட்பது வெறும் பேச்சாகும், உறவைக் கணக்கில் கொள்ளாமல் வண்டலை மட்டும் அளப்பது பாதி வேலையாகும். ஒன்றை மட்டும் ஓரளவு உறுதியாகக் கூறலாம். இழப்பை வரையறுக்கும் பொறுப்பு இழப்பை உண்டாக்கியவரின் நிதியில் இயங்கும் அமைப்பிடம் விடப்பட்ட ஏற்பாடு டோசே பள்ளத்தாக்கில் தோற்றது. அதை உருவாக்கியவர்களே 2024இல் அதனைக் கலைக்க முடிவுசெய்தனர். மரியானாவின் பதிவேடு போல, மக்களே வரையறுத்த இடங்களில் விளைவு சற்று மேம்பட்டிருந்தது. ஆனால் ஓர் ஊரில் இயன்றது, இரண்டு மாநிலங்களில் பரந்த பள்ளத்தாக்கு முழுவதற்கும் இயலுமா என்பது தெளிவாகவில்லை. ஆற்றடியில் எஞ்சிய சேற்றை அள்ளுவதா, அள்ளினால் நஞ்சு மறுபடி கிளருமா என்பதிலும் உடன்பாடில்லை. அரசுகளின் கைக்கு வரும் பெருந்தொகை 20 ஆண்டுகளில் ஆற்றுக்கே செலவாகுமா, அரசுகளின் பிற சாலை, கட்டடத் திட்டங்களில் கரையுமா என்பதையும் இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

2019 ஜனவரி 25 அன்று, அதே மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், பிருமாடின்யோவில், வாலேயின் மற்றொரு கசடு அணை உடைந்து 270 பேர் மாண்டனர். பராவோபேபா ஆறு சேறாயிற்று. கசட்டின்மீதே கரையை எழுப்பும் முறையை ஒன்றியச் சட்டம் தடைசெய்தது அதற்குப்பின், 2020இல்தான். புதிய உடன்படிக்கையில் பழங்குடியினருக்கும் பிற மரபுவழிச் சமூகங்களுக்கும் 800 கோடி ரியால் ஒதுக்கப்பட்டுள்ளது. அச்சமூகங்களைக் கலந்தாலோசித்து அவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே அது நடைமுறைக்கு வரவேண்டும் என்பது விதி. ஆனால் அந்தத் தொகையை முடிவுசெய்த பேச்சுவார்த்தையில் அவர்கள் அமரவில்லை.